உப்பூற்றியில் ப்ரஷர்

குதிகாலுக்கு மலையாளத்தில் உப்பூற்றி என்று பேர்; மலையாள நாட்டில் இருக்கும் நாங்களும் அப்படித்தான் சொல்வோம். அந்தப் பேரை வைத்த புண்ணியவானால் எங்கள் வீட்டில் சில நாள் உப்பில்லாமல் சாப்பிட்டோம்.

காலையில் தரையில் கால் ஊன்றினால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. அடுக்களையில் நிற்க முடியவில்லை. "கொஞ்சம் நடந்தா செரியாயிடும், கேட்டோ" என்பார் வீட்டுக்காரர், நாற்காலியில் உட்கார்ந்தபடி.

கடைசியில் நானே டாக்டரிடம் போனேன். ஒரு பலகைமேல் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். கம்ப்யூட்டரில் என் பாதம் வந்தது. ப்ரஷர் கூடிய இடம் சிவப்பாம்; குதிகாலும் முன்பாதமும் ஒரே சிவப்பு, நடுவில் ஒன்றுமே இல்லை. எனக்கு உள்ளங்கால் வளைவு அதிகமாம். தட்டைப் பாதமானால் நடுப்பாதமும் கொஞ்சம் பாரம் வாங்கிக்கொள்ளுமாம். என்னுடையது தரையையே தொடாமல் சொகுசாக இருக்க, மற்ற இரண்டும் சுமக்கின்றன. கூட்டுக் குடும்பம்தான் என்று நினைத்துக்கொண்டேன். நின்று சமைக்கும்போது மெத்தென்ற செருப்புப் போட்டே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

கிழக்கேகோட்டைக் கடைத்தெருவில் செருப்பு வாங்கிக்கொண்டு, பஸ் இரைச்சலுக்கு நடுவே மாமியாருக்குப் போன் செய்தேன். "உப்பூற்றீல ப்ரஷர் கூடுதலாம்மா." அவர் காதுக்கு உப்பும் ப்ரஷரும் மட்டும் போய்ச் சேர்ந்தன. நான் வருவதற்குள் தன் மகனை, அதாவது என் வீட்டுக்காரரை விட்டு உப்பு ஜாடியை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டார். ரத்தத்தில் இல்லை, காலில் என்றேன்.

"கால்வரைக்கும் எறங்கிடுத்தா? அது இன்னும் மோசமாக்கும்."

மகனுக்கு நாக்கு செத்த பிறகுதான் டாக்டர் அச்சடித்துத் தந்த அந்தச் சிவப்புப் படத்தை இருவரும் என்னிடம் வாங்கிப் பார்த்தார்கள். உப்பு இறங்கி வந்தது. விஷயம் புரிந்துவிட்டது என்று நம்பி, புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு சமைக்கப் போனேன். மாமியாருக்கு முட்டுவலி. அடுக்களையைக் கூடத்திலிருந்தபடியேதான் ஆள்வார்.

"செருப்பிட்டுண்டு அடுக்களைல கேறப்படாது" என்றார்.

"இது வாசல் தாண்டாத செருப்பும்மா."

"செருப்பு செருப்புதான்."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அம்மா சொல்றதும் ஞாயந்தானே" என்றார்.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெரியவர்கள் சொல்லைத் தட்டலாமா? "சரி, கேறலை" என்று செருப்போடு கூடத்தில் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் ஆயிற்று. பசி தாங்காமல் வீட்டுக்காரர் எழுந்து அடுக்களைக்குள் போனார். வெகு நேரம் டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு தலையை நீட்டினார்.

"அரிசி எங்க வெச்சிருக்கே?"

அவர் பிறந்து வளர்ந்த வீடு அது.