எட்மண்ட் அண்ணனின் கட்டைவிரல்

சிங்கப்பூரில், துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து டோபி காட் பக்கம் கட்டட வேலைக்கு எங்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுபவர் எட்மண்ட் அண்ணன். சுவா சூ காங்வாசி, அறுபதைத் தாண்டியவர், வாய் ஓயாதவர், ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ‘லா’ சேர்ப்பவர். அவருக்குப் பின் இருக்கையில் உட்காரும் பாவத்தை நான் செய்திருந்ததால், ஒளி சிதறும் பாடம் முழுவதும் என் தலையில்தான் விடியும்.

“வானம் ஏன் நீலம் தெரியுமா தம்பி? காத்துல உள்ளது ரொம்பப் பொடி. நீலத்தத்தான் ஜாஸ்தி செதறடிக்கும். மேகத்துல துளி பெருசு, எல்லாக் கலரையும் ஒண்ணா அடிக்கும். அதான் வெள்ளை. சிம்பிள் லா.”

“ரோட்டப் பாருங்கண்ணே” என்பேன்.

இந்தோனேசியக் காட்டுத்தீயிலிருந்து புகைமூட்டம் வந்தபோது அவருக்குக் கொண்டாட்டம். விளக்குகளைச் சுற்றி வெள்ளை வட்டம் தெரிகிறதே, அது புகைத்தூள் செய்யும் வேலை என்று தினமும் விளக்கினார்.

பிறகு ஓர் இரவு கொட்டிய மழையில் புகையெல்லாம் போய்விட்டது. விடிகாலையில் நாங்கள் ஏறி உட்கார்ந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. விடுதி வாசல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, வெளக்கச் சுத்தி வட்டம் தெரியுதா?”

“இல்லையே, பளிச்சுன்னு இருக்கு.”

அவர் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி விளக்கை மறைத்தார். மற்ற கண்ணாலும் அப்படியே பார்த்தார்.

“மறைச்சா வட்டமும் காணாமப் போவுது. காத்துல செதறுனா வெரலச் சுத்தித் தெரியணும். இது என் கண்ணுக்குள்ள செதறுது தம்பி.”

சாவியைத் திருகி எடுத்துவிட்டார். பின்னாலிருந்து கூட வேலை செய்யும் கோவிந்தசாமி கத்தினான்: “லேட்டாவுது! பழகுன ரோடுதானே, மெதுவா ஓட்டுங்க!”

“ரோடு பழகுனதுதான். எதிர்ல லைட்டு அடிச்சா, குறுக்க வர்ற ஆளு எனக்குத் தெரியாது லா.”

முதலாளிக்குத் தானே போன் போட்டார். “கண்ணு சரியில்ல பாஸ். வேற டிரைவர் அனுப்புங்க.” அந்த வயதில் இப்படிச் சொன்னால் வேலையே போய்விடலாம் என்பது அவருக்குத் தெரியாதா? யாரும் கேட்கவில்லை, யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. அவராகவே சொன்னார். எனக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை வந்தது.

கண்புரை என்றார் டாக்டர். இரண்டு கண்களிலும் அறுவை சிகிச்சை முடிந்து அவர் திரும்பும்வரை, வாயே திறக்காத ஒருவர் பஸ் ஓட்டினார். நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். தூக்கம் வரவில்லை.

வந்த முதல் நாள் எட்மண்ட் அண்ணன் வாசல் விளக்கை நோக்கி விரலை நீட்டினார். பின்னாலிருந்து கோவிந்தசாமிகூட எட்டிப் பார்த்தான்.

“வட்டமே இல்ல லா!”

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஏதோ அவசரத்தில் அவர் மறந்து சாவியைத் திருகினால், பின்னாலிருந்து கோவிந்தசாமி கத்துவான்:

“லேட்டானாப் பரவால்ல. அண்ணே, வெரலு!”