மீன் வாங்கிக்கொண்ட திருஷ்டி

பருத்திப்பட்டு வீட்டில் என் புது மீன்தொட்டியில் குழாய்நீர் நிரப்பியதும் குளோரின் வாடை எழுந்தது. சேக்காட்டில், சிறுவயதில், ஞாயிறுதோறும் எங்கள் கூடத்தில் அடித்த அதே வாடை.

அப்பா தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கற்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாய்நீரை ஊற்றி, உடனே மீன்களை விடுவார். ஒருநாள் மாலை என் ஆரஞ்சு மீன் வாய்பிளந்து மிதந்தது.

"இன்னாத்துக்கு அழுவுற? நம்ம ஊட்டு திருஷ்டிய மீனு வாங்கிகினு பூட்ச்சு. நல்லதுதான்" என்றார்.

குளோரின் கொன்றது, சோப்பு கொன்றது. பழி திருஷ்டிக்கு, லாபம் எங்களுக்கு! இன்றும் நினைத்தால் மனம் கொதிக்கிறது.

புதுத் தொட்டியைப் பார்க்க வந்திருந்த அப்பா கேட்டார்: "மீனு எங்கேம்மா?"

"தண்ணி பக்குவமாவட்டும். சில வாரம் ஆவும்."

"அதுவரைக்கும் ஊட்டு திருஷ்டிய யாரு வாங்குறது?"

"இந்த வாட்டி நீயே வாங்கிக்க, நைனா."