பீலிக்கரை மணலை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து விஜயலெட்சுமியைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் அவளுக்கு மேலே இருந்த ஒரு மனுஷன் கதையைத்தான் சொல்வேன். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை என்று ஆரம்பித்தால் கேட்கிறவர் கொட்டாவி விடுவார். அவள் பழி வாங்கினவள். அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

பதுளை டவுனில் ஒரு மாடி வீட்டில் கடலோரத்து உப்புநீர்க் களப்பு மீன் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று நடந்தது. விஜயா அங்கே ஆய்வு உதவியாளர். நான் லீலா, கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள். நமுனுகுலவில் இருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வருவோம். மலையில் என்ன மீன் ஆராய்ச்சி என்று சிரிக்காதீர்கள். பொத்துவில் பக்கமிருந்து ஸப்வான் என்ற மீனவர் ஐஸ் பெட்டியில் மணலை மீன் அனுப்புவார். விஜயா அதன் தலையைப் பிளந்து, அரிசி அளவு இருக்கும் காதுக்கல்லை எடுத்து, தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்து வளையங்களை எண்ணுவாள். ஒரு வளையம் என்றால் ஒரு வயது. மூன்று வருஷத்தில் ஆயிரத்து நானூறு மீன் எண்ணினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்கார மாட்டார்கள்.

திட்டத்துக்குத் தலைவர் டொக்டர் ராமநாதன். டவுனில் பெரிய புடவைக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. தமிழர்தான், ஆனால் ஒரு லயத்து வாசலைக்கூட மிதித்ததில்லை. களப்புப் பக்கமும் போனதில்லை, வெயில் ஒத்துக்கொள்ளாதாம். சிங்களத்தில் மணலைக்குக் கொடயா என்று பெயர். பட்டிக்காட்டானையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். விருந்தாளி யார் வந்தாலும் விஜயாவின் மேசைக்குக் கூட்டி வருவார்.

"மேசையில கிடக்குறதும் கொடயா, வெட்டுறதும் கொடயா!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு என் தொட்டிக்கு வந்து சவர்க்காரம் கரையும் வரை கை கழுவுவாள். நாசமாய்ப் போகிறவன் என்று நான்தான் வாய்க்குள் திட்டுவேன்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஆய்வு அறிக்கையில் தன் பெயர். அது இருந்தால் மேற்படிப்புக்கு இடம் கேட்கலாம். பெயரைக் கேட்க நியாயமும் இருந்தது. களப்பில் ஐந்து இடத்து மீனையும் எண்ணியதில், ஒரே ஓர் இடத்தில்தான் ஐந்து, ஆறு வயது மணலை நிறைய இருந்தது. அந்த இடத்தில் வலை போடாமல் விட்டால் மீன் பெருகும். கண்டுபிடித்தவள் அவள்தான்.

ஸப்வான் சொன்ன ஐந்து இடமும் முனை, முனை என்றே முடியும். குழம்பிவிடக் கூடாது என்று விஜயா தன் நோட்டில் வேறு பெயர் வைத்துக்கொண்டாள். கோயிலடி, ஆத்தடி, மேட்டுப்பக்கம், ஆலமரத்தடி, பீலிக்கரை. எல்லாம் எங்கள் தோட்டத்து இடங்கள். எந்தப் பெயர் எந்த முனை என்று ஒரு தாளில் எழுதி கைப்பையில் வைத்திருந்தாள்.

ராமநாதன் ஒரு நாள், "நோட்ட ஒருக்கா பாத்துட்டுத் தாறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்து அறிக்கையாகத் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்தில், 'உதவியாளர்களுக்கு நன்றி'. அதையும் அவளிடமே நீட்டி, "ஏய், எழுத்துப் பிழை மட்டும் பாரு" என்றார்.

விஜயா தொட்டியடிக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"லீலாக்கா, பீலிக்கரையில வல போட தடை வேணும்னு எழுதியிருக்காரு."

"நம்ம பீலிக்கரையிலயா?"

"நம்ம பீலிக்கரையிலதான்."

கரை என்று முடிந்ததால் களப்புக்கரை என்று நினைத்துவிட்டான் மனுஷன்! லயத்தில் மலைத் தண்ணீர் பீலிக் குழாயில் வந்து விழுகிற இடம், நாங்கள் குளித்துத் துவைக்கிற இடம் என்று அவனுக்கு எங்கே தெரியும்? வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சொல்லப் போறியா?"

"எழுத்துப் பிழை மட்டும்தானே பாக்கச் சொன்னாரு. எழுத்துல பிழை இல்லக்கா."

அறிக்கை வெளியீட்டுக்கு மண்டபம் நிறையக் கூட்டம். களப்பு மீனவர்களையும் அழைத்திருந்தார்கள். ராமநாதன் பேசி முடித்ததும் ஸப்வான் எழும்பினார்.

"டொக்டர், இருவது வருஷமா அந்தக் களப்புல வலை போடுறன். இந்தப் பீலிக்கரை எங்க கிடக்கு?"

ராமநாதன் தாளைப் புரட்டினார். வரைபடத்தைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "விஜயலெட்சுமி, அந்த இடத்தக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். மூன்று வருஷம் ஏய் என்று கூப்பிட்ட வாயில் அன்றைக்குத்தான் 'ங்க' வந்தது.

அவள் எழுந்து நின்றாள். "எனக்கு எப்புடிங்க சார் தெரியும்? அறிக்கையில என் பேரு இல்லையே."

இரண்டு வாரத்துக்குள் இடத்தைக் காட்டாவிட்டால் அறிக்கை ரத்து என்று திட்டக் குழு சொல்லிவிட்டது. எனக்கு இனிப்பு வாங்கிச் சாப்பிட வேண்டும் போல இருந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ராமநாதன் எங்கள் லயத்துக்கு வந்தார். ரோட்டில் காரை விட்டுவிட்டு, பளபளக்கிற சப்பாத்தோடு சேற்றில் ஏறி வந்தார். விஜயாவின் அம்மா பெரியாயி வாசலில் நின்றாள்.

"புள்ளயா? அது பீலிக்கரையில நிக்குதுங்க."

அப்போது அவர் முகத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "பீலிக்கரையா?" என்றார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், வேறு யாருக்கும் அந்தப் பாக்கியத்தை விட்டுக்கொடுப்பேனா?

விஜயா குடத்தைப் பீலிக்கடியில் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள், வாங்க என்று சொல்லவில்லை.

"அந்த விவரத்தத் தாங்கம்மா. உங்க பேரையும் போடுறேன்."

"எழுதித் தாங்க சார்."

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, துவைக்கிற கல்லில் வைத்து, குனிந்து எழுதினார். ஈரத்தில் மை கலங்கியது.

"வீரய்யா விஜயலெட்சுமி. 'ல' இல்ல சார், 'லெ'. கொம்பு போடுங்க."

அடித்துவிட்டுத் திருத்தினார். கீழே கையெழுத்தும் வைத்து நீட்டினார். அவள் அதை ஒரு முறை வாசித்து, மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த விவரத்த போன திங்கக்கிழமையே குழுவுக்கு அனுப்பிட்டேன் சார். ஸப்வானும் கையெழுத்து வெச்சிருக்காரு. என் பேருல புது அறிக்கை வருது."

குடம் நிறைந்து வழிந்தது. அவள் ஒரு செம்பில் மொண்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"மல ஏறி வந்திருக்கீங்க, குடிச்சிட்டுப் போங்க. இதுதான் நீங்க வல போடக் கூடாதுன்னு எழுதுன தண்ணி."