வளர்த்தவர் மட்டுமல்ல, பெற்றவரும்

அம்மா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, முதல் பக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவைப் பற்றி நான் எழுதுவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காதவர்கள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மலரை மூடி வைத்துவிடலாம். சாப்பாடு அவர்களுக்கும் உண்டு.

மலர் அச்சுக்குப் போகுமுன் காரைக்காலிலிருந்து மாமா தொலைபேசியில் அழைத்தார். மாமா அம்மாவுக்கு உடன்பிறந்த அண்ணன். அவருடைய பேத்திக்கு இப்போது வரன் கூடிவந்திருக்கிறது.

“இந்தாம்மா, நான் ஒண்ணும் பெருசா கேக்கல. அம்மான்னு போடுற எடத்துல வளர்த்த அம்மான்னு போட்டுடு. சம்பந்தி வீட்டுக்கும் இந்தப் புஸ்தகம் போவும். இங்க எல்லாரும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்காங்க. அநாதைப் புள்ளைய எடுத்து வளர்த்த புண்ணியவதின்னு அவளைக் கையெடுத்துக் கும்பிடுறாங்க. அந்தப் பேரு கெடணுமா?”

“அம்மா என்னைப் பெத்தவங்க மாமா. உங்களுக்கே தெரியும்.”

“தெரிஞ்சதையெல்லாம் அச்சடிப்பாங்களா?”

“நான் அடிக்கப் போறேன் மாமா.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். நான் எழுத உட்கார்ந்தேன்.

உறவில் இத்தனை காலமாகச் சொல்லப்பட்டுவரும் கதை இது: சைகோனில் தங்கிவிட்ட நம் வீட்டுப் பெண் கல்யாணமே வேண்டாம் என்று இருந்து, யாரோ பெற்றுப் போட்ட வியட்நாமியக் குழந்தையை எடுத்து வளர்த்தாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா பதினாறு வயதில் கருவுற்றார், பதினேழில் என்னைப் பெற்றார். கழுத்தில் தாலி இல்லை. எழுதிவிட்டேன், வானம் இடிந்து விழவில்லை.

அம்மா பிறந்தது சைகோனில்தான். தாத்தா ‘பென் தான்’ என்ற சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்தார். குடியிருப்பு கான் ஹொய் பகுதியில், துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில். போர் முடிந்து ஆட்சி மாறியபோது அம்மா பள்ளிச் சிறுமி. கடை மூடப்பட்டது. அரிசிக்குக் கூப்பன் கடையில் வரிசை. அரிசியோடு பாதிக்குப் பாதி மரவள்ளிக்கிழங்கு கலந்து தின்ற காலம் அது. வீட்டில் பெரியவர்கள் ஊர் திரும்பும் ஏற்பாட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய, வரிசையில் நிற்கும் வேலை அம்மாவின் தலையில் விழுந்தது.

அந்த வரிசையில்தான் அந்தப் பையனும் நின்றான். அவனும் காரைக்கால் குடும்பம்தான். அம்மாவைவிட ஒரு வயது மூத்தவன். அவன் வீட்டாரிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. ஒருநாள் குடும்பத்தோடு பாரிசுக்குப் போய்விட்டான். அம்மாவுக்கே விஷயம் தெரியாத நேரம், அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் வளர்ந்த பிறகு அவனைத் திட்டினேன். அம்மா விடவில்லை.

“அவன் ஓடிப் போவலடி. அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அந்த வயசுல என்ன பண்ணியிருப்பான்? அழுதிருப்பான். சேந்து அழ எனக்கொரு ஆளு கெடச்சிருக்கும், அவ்வளவுதான்.”

வயிறு தெரிய ஆரம்பித்ததும் வீட்டில் கைவைத்தியம் தொடங்கியது. என்ன வைத்தியம் என்று நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பப்பாளிக்காய், எள், வெல்லம். அம்மாவைப் பெற்றவரே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார். அம்மா அழுதுகொண்டே விழுங்கினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அப்போதே பிடிவாதக்காரி. அம்மாவின் உடம்புதான் உருக்குலைந்து போனது. கர்ப்பிணிக்கு வேண்டிய சத்தோ மருத்துவரோ இல்லை. வெளியே தெரிந்துவிடும் என்று மருத்துவமனைப் பக்கமே அழைத்துப் போகவில்லை. ரத்தமில்லாத உடம்போடு, சன்னல் சாத்திய அறையில் அத்தனை மாதங்களையும் அவர் கழித்தார்.

வலி வந்தபோது அம்மாவை மருத்துவச்சியிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர் சந்து முனையில் கிழங்கு விற்ற பா ஹாய். பா ஹாய் என்றால் மூத்த அம்மாள் என்று பொருள். சந்தே அவரை அப்படித்தான் அழைத்தது. அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் போரில் போய்விட்டார், கூட ஒரு சின்ன மகன். பிரசவம் நாள்கணக்கில் இழுத்தது. அம்மா பிழைத்ததே பெரிது என்று மருத்துவச்சி சொன்னாராம். நான் எலிக்குஞ்சாக வந்து விழுந்தேன்.

தீட்டுக் கழியும் முன்பே வீட்டாருக்கு விமானம் ஏறும் முறை வந்துவிட்டது. தாத்தா முடிவு சொல்லிவிட்டார். குழந்தையை அநாதை இல்லத்தில் விடுவது, ஊருக்குப் போய் அம்மாவுக்கு வரன் பார்ப்பது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை.  டான் சோன் நாட் விமான நிலையம் வரை அம்மா என்னைத் தூக்கி வந்தார். அங்கே என்னை வாங்கிப் போய் இல்லத்தில் சேர்க்க பா ஹாய் உடன் வந்திருந்தார்.

“புள்ளைய அந்தப் பொம்பளகிட்ட குடுத்துட்டு வா” என்றார் தாத்தா.

“இவளுக்குப் பசிக்குது” என்றார் அம்மா.

சொல்லிவிட்டுச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, தாவணியால் மூடிக்கொண்டு எனக்குப் பால் கொடுக்கத் தொடங்கினார். விமானத்துக்கு அழைப்பு வந்தது. தாத்தா அதட்டினார், பாட்டி அழுதார். அம்மா எழுந்திருக்கவே இல்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பிறகு அத்தனை பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

மாமா அப்போது மீசை அரும்பிய இளைஞர். அம்மாவின் துணி மூட்டை அவர் கையில்தான் இருந்தது. போகிற போக்கில் அதை அம்மாவின் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.  இதை அம்மா எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பா ஹாய் இருவரையும் தம் வீட்டுக்கே அழைத்துப் போனார். ஏக்கத்தில் அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. நான் கத்தித் தீர்த்தேன். அடுத்த நாள் பா ஹாய் ஒரு சட்டி நிறையச் சாறு காய்ச்சிக் கொண்டுவந்தார். பன்றிக்கால் கிடைக்காத காலம், நிலக்கடலை போட்டுக் காய்ச்சியிருந்தார். அம்மா அகப்பையால் கிளறிப் பார்த்தார். உள்ளே பப்பாளிக்காய்.

அம்மா கிண்ணத்தைச் சுவரில் வீசி அடித்தார். “நீயும் எம் புள்ளையக் கொல்லப் பாக்குறியா!” என்று தமிழில் கத்தினார். உலகத்தில் யாரும் மிச்சமில்லை என்று நினைத்தாராம். பா ஹாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா விக்கி விக்கி வியட்நாமிய மொழியில் சொன்ன பிறகுதான் புரிந்தது. அவர் நாட்டில் பப்பாளிக்காய் பால் சுரக்கக் கொடுப்பது. பெற்றவளுக்கு முதலில் காய்ச்சுவதே அதைத்தான். எதைக் கொடுத்து என்னை அழிக்கப் பார்த்தார்களோ, அதையே காய்ச்சி எனக்குப் பால் வரவழைக்க அவர் வந்திருந்தார். பா ஹாய் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சட்டியிலிருந்து தாம் ஒரு வாய் குடித்துக் காட்டினார். “பிள்ளை வெளியே வந்தாயிற்று. இனி இது உன் பக்கம்” என்றார். அம்மா குடித்தார். பால் வந்ததா என்று கேட்பவர்களுக்கு: நான் இந்த மலரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாய் என்றதும் தெய்வம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அம்மா தெய்வமல்ல, சிறுமி. நான் தூங்கியதும் சந்துப் பிள்ளைகளோடு கயிறு தாண்டுவார். மார்பு கனத்துச் சட்டை நனைந்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வருவார். நான் அழும்போது சில நாள் என்னைவிடச் சத்தமாக அழுவார். பள்ளிக்கூடம் அதோடு போனது. கூடப் படித்தவர்கள் தெருவில் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். கிழங்கு சீவினார், எச்சில் தட்டுக் கழுவினார். பா ஹாய் பின்னாளில் நொய்யரிசிச் சோற்றுக் கடை போட்டபோது அதிலே அடுப்படி பார்த்தார். எனக்குப் பள்ளி வயது வந்தபோது அவரும் மாலை வகுப்பில் சேர்ந்தார். ஒரே விளக்கடியில் நான் எழுத்துக்கூட்டுவேன், அவர் கணக்குப் போடுவார். பள்ளியிறுதியில் அவர் தேறிய நாளில் பா ஹாய் சந்து முழுவதும் இனிப்பு கொடுத்தார்.

நகரத்தில் இந்திய உணவகங்கள் மறுபடி வந்த பிறகு அம்மா நகர மையத்து ‘டிஸ்ட்ரிக்ட் 1’ பகுதியில் ஓர் உணவகத்தில் சமையலுக்குச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவோம். அங்கே ஒருமுறை சென்னையிலிருந்து வந்திருந்த பெரிய வீட்டு அம்மாள், ஊரில் எங்கள் உறவினர் சொன்ன கதையை நம்பிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தார்.

“யாரோ பெத்த புள்ளைய இப்படி வளர்த்திருக்கீங்களே, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!”

“மனசெல்லாம் இல்லீங்க. பெத்தேன், வளர்த்தேன்” என்றார் அம்மா.

அந்த அம்மாள் கையை விட்டுவிட்டார். அம்மா விபூதியை இட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றப் போய்விட்டார். அன்று நான் அடைந்த பெருமையைப் போல இன்னொன்றை இதுவரை அடைந்ததில்லை.

எங்கள் பகுதியின் கால்வாய்க்கு அந்தப் பக்கம் தையல் ஆலைகள் வந்தன. வெளியூர்களிலிருந்து பெண் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஒருநாள் பா ஹாயின் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. அம்மா யார், எவன் என்று ஒன்றும் விசாரிக்கவில்லை. “சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்டார். மறுநாளே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தமக்குக் கிடைக்காத இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றார். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. எங்கள் ஒற்றை அறையில் எந்நேரமும் ஒரு கைக்குழந்தை கிடந்தது.

பையன்களையும் அம்மா விட்டுவைக்கவில்லை. ஒருவன் வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். “வருத்தப்பட்டது போதும், அந்தத் துணியைத் துவை” என்று வாளியை நீட்டினார். அவன் துவைத்தான். இப்போது அவனுக்கு மீசை நரைத்துவிட்டது. இந்த மலரின் வியட்நாமியப் பக்கங்களை அச்சிட்டுத் தந்தது அவன்தான். பெற்ற பெண்கள் மறுபடி பள்ளிக்கோ தொழில் பழகவோ போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மா. பிள்ளையைப் பெற்றதோடு தன் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று எந்தப் பெண் சொன்னாலும் அம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

இதைப் படித்துவிட்டு, அம்மா ஊர்ப் பிள்ளைகளைக் கெடுத்தார் என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்குப் பதின்மூன்று வயதில் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னவர் அவர். “பதினாறு வயசு புள்ள பெக்கிற வயசில்ல. ஒடம்பு தாங்காது, மனசும் தாங்காது. நான் பட்டேன், நீ படாத. ஆனா பெத்துட்டவளைத் தூக்கி எறியுறதுக்கு எந்த வயசும் வயசில்ல.” சொல்லித் தருவதைத்தான் நாம் மானக்கேடு என்று மூடி வைக்கிறோம். மூடி வைத்ததால் யார் வீட்டு மானம் காப்பாற்றப்பட்டது? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

சிறுநீரகம் பழுதாகி அம்மா படுக்கையில் விழுந்த பிறகு மாமா அடிக்கடி காணொளியில் பேசினார். “அந்தப் பொண்ணு பாத்துக்குதா?” என்று கேட்பார். எப்போதும் ‘அந்தப் பொண்ணு’ தான். கடைசியாகப் பேசியபோது அம்மா கேட்டார்: “அண்ணே, ஒரே ஒரு தரம், ‘உன் மவ எப்படியிருக்கா’ன்னு கேளேன்.” மாமா சிக்னல் சரியில்லை என்றார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். அடுத்த வாரம் அம்மா போய்விட்டார். கொள்ளி வைத்தது நான்.

இனி நன்றி. இன்று இல்லாத பா ஹாய்க்கும், அம்மாவைக் கடைசி நாள்வரை அக்கா என்றே அழைத்துப் பார்த்துக்கொண்ட அவர் மகனுக்கும். முறைவைத்து மருத்துவமனையில் இருந்த பெண்களுக்கு. அவர்களில் பலர் முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தவர்கள். அந்தப் பிள்ளைகள்தான் அம்மாவைத் தோள்கொடுத்துத் தூக்கினார்கள். கோயிலில் மோட்ச தீபம் ஏற்றித் தந்த குருக்களுக்கும் நன்றி.

மாமாவுக்கும் நன்றி. அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அழைத்தார்.

“மூட்டைய வச்சத அவ சொன்னாளா?”

“பல தடவை சொல்லியிருக்காங்க மாமா.”

“பெத்தவன்னு போட்டத எடுக்கவே மாட்டேங்குற?”

“மாட்டேன் மாமா.”

“ஒங்கம்மா மாதிரியே இருக்கடி. அவளும் அன்னிக்கு எந்திரிக்கவே இல்ல.”

சம்பந்தி வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லி முகவரி கொடுத்தார். அனுப்பிவிட்டேன்.

இன்றைய படையலில் வடை பாயசத்தோடு, நிலக்கடலை போட்ட பப்பாளிக்காய்ச் சாறும் இருக்கிறது. நம்மவர் வீட்டுப் படையலில் அதை வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆளுக்கொரு கிண்ணமாவது குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இங்ஙனம்,
அம்மாவின் வயிற்றில் பிறந்த மகள்