கௌசல்யா மேடம் சொல்லாத முகவரி

எங்கள் பறவை நோக்கர் குழுவில் ஞாயிறு காலை என்றால் பறவைப் பெயர்கள்தாம் வரும். சென்ற ஞாயிறு கௌசல்யா மேடத்தின் பெயர் வந்தது. விடியற்காலையில் மருத்துவமனையில் காலமானார் என்று அவர் கணவர் எழுதியிருந்தார்.

மேடம் தொம்மலூரிலேயே பிறந்து வளர்ந்தவர். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. நான் வேலூரிலிருந்து ஐடி வேலைக்குக் கர்நாடகாவுக்கு வந்த புதிதில், அவர் பார்த்த கொம்பன் ஆந்தை எங்கே இருக்கிறது என்று ஆசையாக விசாரித்தேன். “பேரு கேளுங்க, சொல்றேன். அட்ரஸ் கேக்காதீங்க,” என்றார். பெரிய ராணுவ ரகசியமோ என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும். சந்தாபுரா பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் அடைகாத்த ஆந்தையைத் தூரத்திலிருந்து படமெடுத்து, இடம் சொல்லாமல் குழுவில் போட்டார். பாறையில் யாரோ நீலப் பெயிண்டால் எழுதிய காதலர் பெயர்களும் படத்தில் விழுந்துவிட்டன. அதை வைத்தே படமெடுப்பவர்கள் குவாரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் நாங்கள் போனபோது பாறை விளிம்பெல்லாம் கேமராக்கள். “ஸ்வல்ப தள்ளி நில்லுங்கப்பா, முட்டை இருக்கு,” என்று மேடம் கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினார். ஆளுக்கொரு படம் எடுத்த பிறகே நகர்ந்தார்கள். எழுந்து பறந்த ஆந்தை திரும்பவில்லை. முட்டைகளைக் காக்கைகள் தின்றன.

“காக்கா மேல பழி போடாதீங்க. போட்டோ போட்டது நான்,” என்று அன்று மாலையே குழுவில் எழுதினார்.

அதன்பின் குஞ்சுகள் பறந்து போகும்வரை படம்கூடப் போடமாட்டார். குழுவிலும் அதுவே வழக்கமானது. எங்கே என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: “கர்நாடகாவுல.” பெரிய லென்ஸ்காரர்கள் சிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

கடைசியாக நான் மருத்துவமனையில் பார்த்தபோது, படுக்கையில் விழுவதற்கு முன் புதிதாக ஒரு கூட்டைக் கண்டதாகச் சொன்னார். “அதே ஜோடின்னுதான் தோணுது. ரெண்டு குஞ்சு, பஞ்சு மாதிரி.”

வாய்தவறி, “எங்க மேடம்?” என்றேன்.

மூக்கில் குழாயோடு சிரித்தார். “கர்நாடகாவுல.”

தகனம் முடிந்து நின்றபோது அவர் கணவர் தாமாகவே சொன்னார்: “எங்கிட்டயும் சொல்லலைங்க. ஹெல்மெட்ட மாட்டிட்டுப் போவா, செருப்பெல்லாம் மண்ணா வருவா. அவ்வளவுதான்.”

ஏதோ ஒரு பாறை இடுக்கில் அந்தக் குஞ்சுகளுக்கு இப்போது இறகு முளைத்துக்கொண்டிருக்கும். வருத்தமாகத்தான் இருக்கிறது. போய் வாருங்கள் மேடம். நாங்கள் யாரும் தேடவில்லை.