அட்டை எங்கே இருக்கும்?

கண்டிக்கு வந்த இரண்டாவது வாரம், தரம் ஏழு விஞ்ஞானப் பாடத்தில் "அட்டை நீரில் வாழும்" என்று கரும்பலகையில் எழுதினேன். பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

நான் கோவில்பட்டிக்காரி. ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் பத்து வாரம் வெளிநாட்டுப் பள்ளியில் பாடம் நடத்தலாம் என்றார்கள். எனக்குக் கிடைத்தது கண்டிக்குப் பக்கத்தில் தமிழில் கற்பிக்கும் ஒரு முஸ்லிம் பெண்கள் பள்ளி.

மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், அட்ட தண்ணீல இல்ல. புல்லுல தான் ஈக்கி. எங்கட ஊட்டுக்குப் பொறகாலயும் ஈக்கி." 'ஈக்கி' என்றால் 'இருக்கு' என்று ஊகித்துக்கொண்டேன்.

"குளத்தில்தானே இருக்கும்? மாட்டின் காலில் ஒட்டிக்கொண்டு வருமே?" என்றேன். அதையும் நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அவள் பக்கத்துத் தோழியைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்தாள். நான் தோற்றுவிட்டேன் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

ஓய்வறையில் இதைச் சொன்னதும், என்னோடு கணிதம் கற்பிக்க வந்திருந்த பயிற்சி ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டாள். யாழ்ப்பாணத்துக்காரி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். "நீர் உண்மையா அட்டை காணேல்லையோ? சரி, சனிக்கிழமை ஹந்தானை மலைக்குப் போவம். சொக்ஸுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு வாரும், அட்டை ஏறாது."

சவர்க்காரம் என்றால் சோப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூச மறந்தும் போனேன்.

பேராதனைப் பக்கமிருந்து ஏறினோம். முந்தின நாள் மழை. பைன் மரங்களைத் தாண்டி இடுப்பளவு புல்லுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடத்தில், என் கணுக்காலில் கறுப்பு நூல் ஒன்று நெளிந்தது. பிடுங்கினேன், விரலில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கையால் மறுகையைத் தொட, அதிலும் ஒன்று. நான் குதித்த குதியில் அவள் சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போது பனிமூட்டம் இறங்கியது. ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "நடந்தா விழுந்திடுவம். கல்லில ஏறி இரும். தானா விலகும்," என்றாள் அவள்.

ஒரு பாறையில் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்தோம். பயத்தை மறக்கக் கண்முன் இருந்த புல்லைப் பார்த்தேன். ஒரு இலை நுனியில் அட்டை ஒன்று குச்சி மாதிரி அசையாமல் நின்றது. குனிந்து மூச்சு விட்டேன். சட்டென்று நிமிர்ந்து, தலையை அங்குமிங்கும் ஆட்டி என்னைத் தேடியது! மூச்சை அடக்கினேன், கொஞ்ச நேரத்தில் அடங்கியது. விசிறினால்? குறிப்பேட்டால் விசிறினேன், அவ்வளவாக அசையவில்லை. மறுபடி மூச்சு, மறுபடி எழுந்தது. கண்ணால் அல்ல, என் மூச்சை வைத்துத்தான் அது என்னைக் கண்டுபிடிக்கிறது போலும்.

"என்ன செய்யிறீர்?"

"இது எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு பாக்குறேன். நீங்களும் ஊதுங்க."

இருவரும் மாறி மாறி ஊதினோம். மூட்டம் விலகியபோது பாதை பத்தடியில் கிடந்தது. இவ்வளவு நேரமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

திங்கட்கிழமை பாடத்தைப் பார்வையிட மேற்பார்வை ஆசிரியை வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார். அவர் முன்னாலேயே சொன்னேன்: "நான் சொன்னது பாதிதான். தண்ணீரிலும் இருக்கிறது, புல்லிலும் இருக்கிறது. ஹந்தானையில் என்னைக் கடித்தது." காலைக் காட்டினேன். மூச்சு விட்ட கதையைச் சொன்னதும் வகுப்பே கலகலத்தது. அந்த மூன்றாம் வரிசை மாணவி கேட்டாள்: "அப்ப வெயில் காலத்துல எல்லா அட்டையும் எங்க டீச்சர் போற?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

"மாணவர் கேள்விக்கு விடை தராமல் பாடம் முடிந்தது" என்று மேற்பார்வை ஆசிரியை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அந்தக் காகிதத்தை நாலு முறை படித்து வருந்தினேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை மாணவிகள் அடுத்த கேள்வியோடு வந்தார்கள். "டீச்சர், தெல்தெனியால டேம்ல தண்ணி கொறஞ்சா அடியில முங்கின பழைய டவுன் தெரியுமாம். மெய்யா? பாத்துட்டு வாங்க." நானும் யாழ்ப்பாணத்துத் தோழியும் போனோம். நீர்த்தேக்கம் நிரம்பிக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. அதையும் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் அவர்கள் சொன்ன இடத்துக்கே போனேன். கடுகண்ணாவை மலையில் ரயில் ஏறும்போது பாட்டுப்போல் சத்தம் மாறுமா என்று ஒருத்தி கேட்டதற்காக, இருவரும் தண்டவாளத்துக்கு மேலே ஒரு சரிவில் மழையில் நின்றோம். மாறியது.

கடைசி வாரம் மாணவிகள் கேட்டார்கள்: "எங்கட ஊரப் பத்தி நாங்க கேட்டாச்சு. இப்ப உங்கட ஊரப் பத்திச் செல்லுங்க டீச்சர்."

கோடையில் எங்கள் கரிசல் மண் கையை நுழைக்கும் அளவுக்கு வெடிக்கும் என்றேன்.

"பொய்!" என்றது முழு வகுப்பும்.

வெடிப்பு இவ்வளவு பெரிது என்று நான் கரும்பலகையில் கையை வைத்துச் சுற்றிக் கோடு போட்டேன். ஒவ்வொருத்தியும் எழுந்து வந்து தன் கையை அதில் வைத்து அளந்து பார்த்தாள்.