பாலம் தாண்டிய பிறகு கூட்டும் இயந்திரம்

வட்டமான அந்தக் கறுப்பு இயந்திரத்தை மகள் பக்குரங்கா புறநகரிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, என் மனைவியின் முழங்கால்கள் குனிவதற்கு இணங்காத நிலைக்கு வந்திருந்தன. கூட்டுவதற்குத் தும்புத்தடியை நான் எடுத்தால் மூலைகளை விட்டுவிடுகிறேன் என்பது அவளுடைய நெடுநாள் முறைப்பாடு. தானே தரையைச் சுற்றிவந்து தூசியை உறிஞ்சும் அந்த ரோபோவை மகள் வைஃபையுடன் இணைத்தாள். பின்னர் எங்கள் இருவரின் தொலைபேசிகளையும் அதற்கு அறிமுகம் செய்துவைத்தாள். இரண்டும் வீட்டை விட்டு நீங்கினால் வீட்டில் ஆளில்லை என்று அது முடிவுசெய்யும். உடனே வேலையைத் தொடங்கும். நல்ல ஏற்பாடு என்றே எனக்கும் பட்டது.

அடுத்த சனிக்கிழமை ஒனிஹங்காவுக்கு மீன் வாங்கப் புறப்பட்டோம். தெரு முனையைத் தாண்டியதும் அவள் காரைத் திருப்பச் சொன்னாள்.

“கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்.”

கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் சற்றுமுன் நின்று செருப்பு மாட்டிய இடத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“இஞ்சை வந்து பாருங்கோப்பா! ஆக்கள் படியிறங்கின கையோடை இது கூட்டுது. பிரேதம் எடுத்த வீட்டிலைதான் இப்பிடிக் கூட்டுறது. நாங்கள் என்ன செத்தே போனம்?”

வெளியே புறப்பட்டவர் போய்ச் சேரும்முன் அவர் பின்னால் வீட்டைக் கூட்டக் கூடாது என்பது அவள் வளர்ந்த வீட்டின் ஒழுங்கு. நான் வளர்ந்த வீட்டிலும் அது இருந்தது; நான் ஒருபோதும் கவனித்திருக்கவில்லை. கூட்டினால் போனவர் திரும்பமாட்டார். சடலம் வெளியேறிய வீட்டில் மட்டுமே உடனே கூட்டிக் கழுவுவார்கள்.

அவள் அங்கேயே நின்று மகளை அழைத்தாள்.

“அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ வாக்யூம்.”

“உனக்கு ஜஸ்ட். அப்பாவும் நானும் போய்ச் சேருமட்டும் இவர் பொறுக்க மாட்டாரோ?”

“நீங்க போய்ச் சேந்தது அதுக்கு எப்பிடித் தெரியும்?”

“உன்னைப் படிப்பிச்சது நாங்கள். அதை நீ படிப்பி.”

இறுதியில் அதைப் படிப்பித்தவன் நான்தான். செயலியின் வரைபடத்தில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. அதன் விளிம்பை, நகரத்துக்குப் போகும் வழியிலுள்ள ஆற்றுப் பாலத்தின் மறுகரை வரை தள்ளிவைத்தேன். பாலம் தாண்டியவர்கள் அனேகமாகப் போய்ச் சேர்ந்தவர்களே என்று அவளும் சம்மதித்தாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் நாங்கள் பாலத்தைக் கடந்ததும் இரண்டு தொலைபேசிகளும் ஒன்றாக ஒலிக்கும். “வண்டு வெளிக்கிட்டிட்டுது” என்பாள்; இயந்திரத்துக்கு அவள் வைத்த பெயர் அது. திரும்பியதும் அதன் உருளைத் தூரிகையில் சுற்றியிருக்கும் அவளுடைய நீண்ட முடியைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது என் வேலை.

அடுத்த ஆண்டு நோய் வந்தது. சிகிச்சை தொடங்கிய காலத்தில், உருளை சுழல மறுக்கும் அளவுக்கு முடி சிக்கியது. அவள் பார்க்காத வேளைகளில் வெட்டினேன். பிறகு வெட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

மருத்துவமனைக்குக் கடைசியாகப் புறப்பட்ட காலையில், அவளுடைய தொலைபேசி சமையலறைச் சுவரோரம் சார்ஜரில் கிடந்தது.

“போனை எடுக்கேல்லையே?” என்று கேட்டேன்.

“அது இஞ்சை கிடக்கட்டும். நான் வீட்டிலை நிக்கிறன் எண்டு வண்டு நினைக்கட்டும். எனக்குப் பின்னாலை ஒருத்தரும் கூட்ட வேண்டாம்.”

“பாலம் தாண்டினாப் பிறகுதானே அது தொடங்கும்.”

“ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற இடமில்லையப்பா. வீட்டை வந்து சேர்ந்தாத்தான் கணக்கு.”

“அப்ப உம்மோடை கதைக்கிறதெண்டா நான் எங்கை எடுக்கிறது?”

“பக்கத்திலைதானே இருக்கப்போறீங்கள்.”

இருந்தேன். அவள் வந்து சேரவில்லை.

மருத்துவமனையிலிருந்து, உடலைப் பார்வைக்கு வைக்கும் மலர்ச்சாலைக்கும், அங்கிருந்து தகன மண்டபத்துக்கும் கொண்டுபோனோம். எங்கள் வீட்டிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு யாரும் படியிறங்கவில்லை. ஆகவே வீடு கூட்டப்படவும் இல்லை. நான் எங்கே போனாலும், ‘வீட்டில் ஒருவர் இருக்கிறார்’ என்று செயலி காட்டியது. இயந்திரம் தன் இடத்தை விட்டு அசையவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களின் காலடி மண்ணும், படத்துக்குச் சூட்டிய மாலையின் காய்ந்த இதழ்களும், ஊதுபத்திச் சாம்பலும் தரையில் அப்படியே கிடந்தன. தொலைபேசியின் சார்ஜரை நான் ஒருநாளும் கழற்றவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நெருங்கியபோது, நகர மையத்தில் வசிக்கும் மகள் வந்தாள். வெறுங்காலுடன் கூடத்தில் நடந்தவள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஃப்ளோர் முழுக்க டஸ்ட், அப்பா. அம்மாவின்ரை போனை ஆப்பிலையிருந்து ரிமூவ் பண்ணினா இது வேலை செய்யும்.”

“வேண்டாம்.”

“அப்ப நான் பட்டனை அமத்துறன்.”

“அதுவும் வேண்டாம். தும்புத்தடியும் எடுக்காதை. ஒருத்தரும் கூட்ட வேண்டாமெண்டு அம்மா சொல்லிப்போட்டுப் போனவ.”

“ஐயர் வரப்போறார் அப்பா. சனம் எங்கை இருக்கிறது?”

நான் தும்புத்தடியைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். அவளுக்கு அது பிடிவாதமாகத் தோன்றியிருக்கும். வேறு பெயர் எனக்கும் தெரியவில்லை. அந்தத் தரையைக் கூட்டினால், மனைவி இனித் திரும்பமாட்டாள் என்று ஒப்புக்கொண்டவன் நானாவேன். தகன மண்டபத்தில் உலையின் பொத்தானை அழுத்தியபோதுகூட அதை நான் ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

மகள் சமையலறைக்குப் போனாள். திரும்பியபோது தாயின் தொலைபேசி அவள் கையில் இருந்தது.

“அம்மாவை ஒருத்தரும் வீட்டிலையிருந்து கொண்டுபோகேல்லைத்தானே” என்றாள். ஆங்கிலம் ஒரு சொல்லும் கலக்கவில்லை. “நாங்கள் கொண்டுபோவம்.”

காரில் அவள் முன் இருக்கையில், தாய் அமரும் இடத்தில் அமர்ந்தாள். தொலைபேசியை மடியில் இரு கைகளாலும் பிடித்திருந்தாள். நான் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த ஒருவர் ஹாரன் அடித்தார். நீர் வற்றிய ஆற்றில் சேறு தெரிந்தது. மறுகரையை அடைந்ததும் இரண்டு தொலைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன.

“வெளிக்கிட்டிட்டுது” என்றாள் மகள்.

சாலையோரம் நிறுத்தினேன்.

“இப்ப ஆப்பிலையிருந்து அம்மாவை எடு, பிள்ளை” என்றேன்.

அவள் எடுத்தாள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தாயின் தொலைபேசியை அணைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பியபோது கூடம் துப்புரவாக இருந்தது. இயந்திரம் தன் இடத்துக்குப் போயிருந்தது. பழக்கத்தின்படி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அதைத் தலைகீழாகத் திருப்பினேன். உருளையில் இரண்டு காய்ந்த இதழ்கள் ஒட்டியிருந்தன. முடி இல்லை. கத்தரிக்கோலை இழுப்பறையில் திருப்பி வைத்தேன்.